78,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் படிப்பை முடித்த கையோடு வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. என் வாழ்த்தை அவளிடம் தவறாமல் சொல். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலியும் முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடம் கழித்து நீ மறுபடியும் பைக் வாங்கப் போகிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். நீ எழுதியிருக்கும் இரண்டு வண்டியும் ஒரே மாடல், 650 சிசி, இரட்டை சிலிண்டர், இரண்டுக்கும் பன்னிரண்டு வயது என்கிறாய். ஒன்று 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பளபளவென்று இருக்கிறது. இன்னொன்று 78,000 ஓடியது, ஆனால் ஒரு ஃபைல் நிறைய சர்வீஸ் பில் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் முதல் வண்டியைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

மீட்டரில் ஓடும் எண், சக்கரம் உருண்ட தூரத்தை மட்டும்தான் சொல்கிறது. எஞ்சின் எத்தனை முறை சுற்றியது என்று அதற்குத் தெரியாது. உன் வண்டி மாதிரி ஒன்று நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் 4,500 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றியபடி போகிறது என்று வைத்துக்கொள். ஒரு கிலோமீட்டருக்கு எஞ்சின் 2,700 சுற்று சுற்றும். அதே வண்டி ஊருக்குள் சிக்னலில் நின்று நின்று சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில், 2,500 ஆர்பிஎம்மில் போனால், ஒரு கிலோமீட்டருக்கு 7,500 சுற்று. கணக்குப் போட்டுப் பார்: நெடுஞ்சாலையில் ஓடிய 78,000 கிலோமீட்டரும் ஊருக்குள் ஓடிய 28,000 கிலோமீட்டரும் எஞ்சினுக்கு ஒரே அளவு சுற்றுதான். அதற்கு மேல் ஊர் ஓட்டத்தில் கிளட்ச், கியர் மாற்றம், பிரேக் எல்லாம் பல மடங்கு அதிகம். அதனால் விற்பவரிடம் எவ்வளவு ஓடியது என்பதோடு, எங்கே ஓட்டினீர்கள், எப்படி ஓட்டினீர்கள் என்றும் கேள்.

அந்த 9,000 கிலோமீட்டர் வண்டியை நினைத்தால்தான் எனக்குக் கவலை. பன்னிரண்டு வருடத்தில் 9,000 என்றால் வருடத்துக்கு 750. ஒன்று, மாதக்கணக்கில் சும்மா நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்துத் தெருவரை போய்த் திரும்பியிருக்க வேண்டும். இரண்டுமே வண்டிக்கு நல்லதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே ஆயிலில் கலக்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். சூடாகும் முன்பே நிறுத்தினால் உள்ளேயே தங்கிவிடும், எரியாத பெட்ரோலும் அதோடு சேர்ந்து ஆயிலின் வீரியத்தைக் குறைக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தைப் பார். வெளிர் பழுப்பில் பாலாடை மாதிரி ஒட்டியிருந்தால் அந்த வண்டி குட்டி ஓட்டத்திலேயே காலம் தள்ளியிருக்கிறது என்று நீயே தெரிந்துகொள்ளலாம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் கசிந்து ஆயிலில் கலந்தாலும் இப்படி வரும் என்பதால், கூலண்ட் அளவையும் சேர்த்துப் பார்த்துவிடு.

நிற்கும் வண்டியில் ரப்பரும் திரவங்களும்தான் முதலில் கெடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1914 என்றால் 2014-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் புதுசு போல இருந்தாலும், பழைய டயர் இறுகிப்போய் ஈரச் சாலையில் வழுக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அது 155 அருகே இறங்கிவிடும், நீண்ட இறக்கத்தில் பிரேக் லீவர் பஞ்சாகிவிடும். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோல் பிசினாக மாறி, எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை அடைக்கும். இதில் எதுவும் மீட்டரில் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. குறைந்த ரீடிங் உண்மையானதுதானா? டிஜிட்டல் மீட்டரையும் மாற்ற முடியும். பின் பிரேக் பெடலின் ரப்பர் ஒரு ஓரமாக வழவழவென்று தேய்ந்து, ஃபுட்ரெஸ்ட் ரப்பரில் கோடுகள் மறைந்திருந்தால் அது 9,000 ஓடிய வண்டி இல்லை. பிரேக் டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமனைப் பொறித்திருப்பார்கள். அளந்து பார்த்தால் அதுவும் கதை சொல்லும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஓட்டம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. 78,000 ஓடிய வண்டியில் பல பாகங்கள் ஒரே காலத்தில் வரிசையில் வந்து நிற்கும்: செயின், அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட், ஃபோர்க் சீல், ஸ்டீயரிங் பேரிங், பின் ஷாக். எவை மாற்றியாயிற்று, எவை இனிமேல் உன் செலவு என்று பார்த்துத்தான் விலை பேச வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்னோரப் பல்லில் செயினை விரலால் பிடித்து இழு. பல்லில் பாதி வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பினால் செட்டையே மாற்றும் காலம் வந்துவிட்டது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகத் திருப்பு. நேராக வரும் இடத்தில் லேசாகக் கொக்கி போட்டு நின்றால் பேரிங்கில் பள்ளம் விழுந்திருக்கிறது.

ஆனால் நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்பது வால்வு கிளியரன்ஸைத்தான், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய இடைவெளியை. ஆயில் மாற்றாத ஆள் குறைவு. வால்வு இடைவெளியை நேரத்துக்குப் பார்த்த ஆள் அதைவிடக் குறைவு, ஏனென்றால் டேங்கைக் கழற்றி, மேல் மூடியைத் திறந்து செய்கிற வேலை அது. எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கோடிக்கணக்கான முறை அடித்து அடித்துத் தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், இடைவெளி குறையும். சத்தம் வராது, சொல்லப்போனால் எஞ்சின் முன்பைவிட அமைதியாகத்தான் இருக்கும். இடைவெளி தீர்ந்துபோனால் வால்வு முழுதாக மூடாது, சூட்டை இறக்கிவிட வழியில்லாமல் ஓரம் கருகிவிடும். 24,000, 42,000 என்று இந்தச் சோதனைக்கான கெடு மாடலுக்கு மாடல் மாறும். எப்படிப் பார்த்தாலும் 78,000-க்குள் ஒரு முறையாவது செய்திருக்க வேண்டும். அந்த ஒரு பில் ஃபைலில் இருந்தால், அந்த ஆள் வண்டியை உண்மையாகவே பார்த்துக்கொண்டவர் என்று நான் நம்புவேன். 'நல்லா மெயின்டெயின் பண்ண வண்டி' என்று வாயால் சொல்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை. தேதியும் கிலோமீட்டரும் போட்ட காகிதம் வேண்டும்.

எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்ற பயத்துக்கு ஒரு நிஜமான உதாரணம் சொல்கிறேன். அர்ஜென்டினாவைச் சேர்ந்த எமிலியோ ஸ்கோட்டோ 1985 முதல் 1995 வரை ஒரே ஹோண்டா கோல்ட் விங்கில் உலகம் சுற்றினார், சுமார் 7,35,000 கிலோமீட்டர். பெரிய எஞ்சின், நீண்ட ஓட்டம், கூடவே விடாத கவனிப்பு. இதைச் சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டிக்கோ மண் பாதைப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் வண்டிக்கோ பொருத்திப் பார்க்காதே. மோட்டோகிராஸில் பிஸ்டன் மாற்றுவதை, எஞ்சின் ஓடிய மணி நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். உன் வண்டி அந்த வகை இல்லை.

ஒன்று மட்டும் யோசித்துக்கொள். இரண்டு வருடத்தில் விற்றுவிடும் எண்ணமிருந்தால் அதிக ரீடிங் உன் கையைக் கடிக்கும், வாங்க வருபவரும் அந்த எண்ணைத்தான் பார்ப்பார். நீ அப்படி விற்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். எதையும் கடைசிவரை வைத்துக்கொள்வாய், தூரமாகவும் போவாய். உனக்கு அந்த இரண்டாவது வண்டிதான் சரி.

பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆவதை நீ கேட்க வேண்டும். ஒரு மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு போ. நிறுத்தி வைத்திருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் அருகே, எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 14 அருகே காட்ட வேண்டும். அதற்கு முன்னால் அந்த ஃபைலில் வால்வு பார்த்த பில் இருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுது. இருந்தால் ஒரு நாள் சொல், நானும் கிளம்பி வருகிறேன், சேர்ந்தே போய் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்