‘பிராணி கூடாது’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏழு மாதம் ஒரு பூனையை வீட்டுக்காரர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு ‘வாடகைக்கு இருப்பவள் வாடகைக்கு இருப்பவர்களுக்குத்தானே பேசுவாள்’ என்று யாராவது நினைத்தால் அதில் பாதி உண்மை, தப்பு என் மேலும் இருக்கிறது.

பதிவு செய்துவிட்டுக் கட்டி முடியக் காத்திருக்கும் பிடிஓ வீட்டுக்குச் சாவி கிடைக்கும்வரை சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், எட்டு வயது மகள். பதினோராவது மாடி. 2024 அக்டோபரில் இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டபோது முகவர் தன் கைப்பேசியில் பக்கங்களை மேலே தள்ளித் தள்ளிக் காட்டினார். ஏர்கானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யவேண்டும், சுவரில் துளை போடக்கூடாது, காலணி அடுக்கு நடைபாதையை மறிக்கக்கூடாது, பிராணிகள் கூடாது. அப்போது எங்களிடம் ஒரு மீன்தொட்டிகூட இல்லை. சரி சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அப்புறம் டிசம்பர் மழை வந்தது. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில், ஒரு கறுப்புக் குட்டி, வால் நுனியில் நம் ஊர்ப் பூனைகளுக்கு இருக்குமே அந்த முடிச்சு, நனைந்துபோய் ஒரு சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றது. என் மகள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் மட்டும் என்றேன். மூன்றாம் நாள் அதற்கு மிளகு என்று பெயர் வைத்தாயிற்று. பெயர் வைத்தபிறகு எதை எங்கே கொண்டுபோய் விடுவது?

வீவக வீடுகளில் 1989 முதல் பூனைக்குத் தடை இருந்தது உங்கள் வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். முடி கொட்டும், கத்தும், ஊர் சுற்றும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம் (இதில் இரண்டு என் கணவருக்கும் பொருந்தும்). தடை இருந்த அந்த 35 ஆண்டும் எந்தப் புளோக்கில் பூனை இல்லை என்று யாராவது சொல்லுங்கள். பிறகு 2024 செப்டம்பர் 1 முதல் விதி மாறியது. வீவக வீட்டில் இரண்டு பூனைவரை வைத்துக்கொள்ளலாம், மைக்ரோசிப் போடவேண்டும், விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவிடம் உரிமம் எடுக்கவேண்டும், முதல்முறை எடுப்பவர்கள் இணையத்தில் ஒரு சிறிய பாடம் படித்து முடிக்கவேண்டும், பூனை சன்னல் வழியே வெளியே போகாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரை இரண்டு ஆண்டு இடைக்காலம், அந்தக் காலத்தில் உரிமம் எடுத்தால் கருத்தடை செய்த பூனைக்குக் கட்டணமும் இல்லை. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இதெல்லாம் சொந்த வீட்டுக்காரர்களுக்குச் சுலபம். எங்களைப்போல் வாடகைக்கு இருப்பவர்களுக்கு உரிமம் வேறு, வீட்டுக்காரர் சம்மதம் வேறு. அரசாங்கம் சரி என்றாலும் ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து போட்டதுதான். மிளகு வந்தபிறகு அந்த ஒப்பந்தத்தை மறுபடி எடுத்து நிதானமாகப் படித்தேன். ‘வீவக விதிகளின்படி பூனை வளர்க்க அனுமதி இல்லாததால்’ என்று தொடங்கியது அந்த வரி. விதி மாறி ஒரு மாதம் கழித்துப் போட்ட ஒப்பந்தம் அது! யாரோ எப்போதோ தட்டச்சு செய்த கோப்பில் பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் அதைப் படித்தாரோ என்னவோ, நாங்கள் படிக்கவில்லை.

மிளகுக்குக் கருத்தடை செய்தோம், சிப் போட்டோம், பாடமும் படித்து முடித்தேன். உரிம விண்ணப்பத்தில் முகவரி கேட்கும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவர் வீட்டு முகவரியைக் கொடுத்து உரிமம் எடுப்பதா? அப்படியே மூடிவைத்தேன்.

ஒளித்து வைப்பது எவ்வளவு வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்கார ஆன்ட்டி வருகிறேன் என்று செய்தி அனுப்பினால் மணல் தட்டு, சாப்பாட்டுக் கிண்ணம், சுரண்டு பலகை எல்லாவற்றையும் சந்தைத் தள்ளுவண்டியில் போட்டு எதிர்வீட்டு மலாய் அம்மா மக்சிக்கிடம் தள்ளிவிடுவோம், கடைசியாகக் கூடையில் மிளகு. மக்சிக் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனை, எனவே அங்கே ஒரே சண்டை, அந்தச் சத்தம் நடைபாதை வழியாக இங்கே வரும், நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவேன். ஏர்கான் சர்வீஸுக்கு வந்த தம்பி புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். குளியலறையில் மிளகை அடைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அவர் படுக்கையறை ஏர்கானின் வடிகட்டியை இழுத்தார், சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் ஒரு பாய் உரிந்து வந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது மனுஷ முடி இல்லையே” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை, கழுவி மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சொல்லமுடியாதது ஒன்று இருக்கிறது. பொங்கலன்று ஆன்ட்டி ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். வீடு அவருடையது, சோபாவும் அவருடையது. உட்கார்ந்தவர் கையை வைத்த இடத்தில் துணி கிழிந்து பஞ்சு தெரிந்தது. “இது எப்படிமா ஆச்சு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள், “நான்தான் பாட்டி, பேனாவால கீறிட்டேன், சாரி” என்றாள். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே. ஆன்ட்டி அவள் தலையைத் தடவி, போகட்டும் விடு என்றார். அன்றிரவு எனக்குப் பொங்கல் இறங்கவில்லை.

அப்படியும் இன்னும் ஆறு மாதம் இழுத்தேன். ஜூலையில் ஒருநாள் சமையலறை சன்னல் வழியே துணி காயப்போடும் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன், எங்கோ ஒரு மைனா கத்தியது, என் இடுப்பு உயரத்தில் ஏதோ கறுப்பாக நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால் மிளகு வெளி விளிம்பில் நிற்கிறது. முன்னங்கால் இரண்டும் கொம்பு மாட்டும் குழாய்மேல். பதினோராவது மாடி என்று சொன்னேன் அல்லவா? கத்தினால் பயந்து குதிக்கும், கையை நீட்டினால் விலகும். நெத்திலி டப்பாவை எடுத்து மெதுவாகக் குலுக்கினேன், ஒன்று, இரண்டு, மூன்றாவது குலுக்கலில் காது திரும்பியது, அப்புறம் உடம்பு திரும்பியது. உள்ளே இறங்கியதும் சன்னலைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சன்னலுக்கு வலை போட்டிருந்தால் இது நடந்திருக்காது. வலை போடாததற்குக் காரணம் துளை போடக்கூடாது என்பதுகூட இல்லை, கம்பியில் கட்டுகிற வலை இருக்கிறது, காந்தத்தில் ஒட்டுகிற வலையும் இருக்கிறது. கீழே நின்று பார்த்தாலே வலை தெரியும், வலை தெரிந்தால் பூனை தெரிந்துவிடும். அதனால்தான் போடவில்லை. பூனையை வைத்திருப்பவர் செய்யவேண்டிய எல்லாவற்றையும், உரிமம், வலை, எதையும் செய்யவிடாமல் தடுத்தது அந்த ஒரு வரியும் என் பயமும்தான், பூனை மட்டும் வீட்டில் இருந்துகொண்டே இருந்தது.

அன்றிரவே ஆன்ட்டியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். “போன்ல வேணாம், நாளைக்கு வரேன்” என்று வைத்துவிட்டார். வந்தார். சோபாவில் அதே இடத்தில் உட்கார்ந்தார். பூனையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை இல்லை. “சின்னப் பிள்ளைய என்கிட்ட பொய் சொல்ல வச்சிட்டியேமா” என்றார். பதில் சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

பிறகு அவர் பக்கத்துக் கதையைச் சொன்னார். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லாமல் ஒரு நாய் வைத்திருந்தார்களாம். பகல் முழுவதும் அதைப் பண்டக அறையில் அடைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அறைக்கு வெளியே பார்க்கே மரத்தரை ஊறிக் கறுத்து, பலகை பலகையாகப் பெயர்ந்து, எவ்வளவு கழுவியும் நாற்றம் போகாமல் மூன்று மாதம் வீடு காலியாகக் கிடந்திருக்கிறது. வைப்புத்தொகை தரையை மாற்றவே போதவில்லை. “அதுக்கப்புறம் யாரையும் நம்ப முடியல” என்றார். நியாயமான கோபம். ஆனால் ஒன்று கேட்டேன், அந்த ஆட்களின் ஒப்பந்தத்தில் பிராணி கூடாது என்ற வரி இல்லையா என்று. இருந்ததாம். அதே வரி.

நான் ஆன்ட்டியிடம் சொன்னதும், இப்போது உங்கள் வாசகர்களில் வீடு வாடகைக்கு விடுபவர்களிடம் சொல்வதும் இதுதான்: அந்த வரி உங்கள் தரையைக் காப்பாற்றவில்லை. பிராணியை வீட்டுக்குள் வரவிடாமல் அது தடுக்கவில்லை, பிராணி இருப்பதை உங்களிடம் சொல்லவிடாமல்தான் தடுத்தது. அந்த நாய் இருப்பது தெரிந்திருந்தால் முதல் மாதமே ஆன்ட்டி போய்ப் பார்த்திருப்பார், பண்டக அறையில் அடைக்காதே என்றாவது சொல்லியிருப்பார்.

கடைசியில் ஒரு பக்கம் எழுதினோம். முகவர் இதெல்லாம் தேவையில்லாத வேலை என்றார், ஆன்ட்டி அவரைப் பேசவிடவில்லை. ஒரே பூனை, அதுவும் உரிமத்தோடு. எல்லா சன்னலுக்கும் எங்கள் செலவில் துளை போடாத வலை. கூடுதலாக அரை மாத வாடகை வைப்புத்தொகை. காலி செய்யும்போது திரைச்சீலையும் மெத்தையும் கழுவி, ஏர்கானுக்குக் கெமிக்கல் வாஷ் செய்து தருவது. சோபாவுக்குப் புதுத்துணி எங்கள் பொறுப்பு, ஆனால் இப்போது வேண்டாம், போகும்போது போடு என்றார் ஆன்ட்டி, பூனை இருக்கும்போது புதுத்துணி போட்டு என்ன பயன் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. தரை, கதவு, சன்னல் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து இருவரும் வைத்துக்கொண்டோம். சண்டை வந்தால் போக இடமில்லாமல் இல்லை, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைத் தகராறுகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 சிங்கப்பூர் வெள்ளிவரை விசாரிக்கிறது, ஆனால் அங்கே போனாலும் முதலில் படத்தையும் எழுத்தையும்தான் கேட்பார்கள்.

எல்லா வீட்டுக்காரரும் சம்மதிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விட்டுவிட்டு அவர்களும் அதே வீட்டில் இருந்தால், அல்லது யாருக்காவது பூனை முடி ஒத்துக்கொள்ளாவிட்டால், வேண்டாம் என்பது அவர்கள் உரிமை, அதைக் கேள்வி கேட்க நாம் யார்? முடியாது என்பவரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் வேறு வீடு பார்க்கவேண்டியதுதான். நான் கேட்பது, யோசித்து முடியாது என்று சொல்லுங்கள் என்பது. பழைய கோப்பில் இருப்பதை அப்படியே ஒட்டிவிட்டு, அது விதி என்று சொல்லாதீர்கள். ‘பிராணி வளர்க்க விரும்பினால் முதலில் கேட்கவேண்டும்’ என்று எழுத எத்தனை நிமிடம் ஆகும்?

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடு மாறும்போது புது இடத்தில் அனுமதி இல்லை என்று பூனையைப் பழைய புளோக்கின் கீழேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மிளகு அப்படி வந்த பூனையின் குட்டியாகத்தான் இருக்கும் என்பது மக்சிக்கின் ஊகம். பிராணியைக் கைவிடுவது குற்றம், முதல்முறைக்கே 10,000 வெள்ளிவரை அபராதமும் ஓராண்டுவரை சிறையும் விதிக்கலாம். அதற்குப் பயந்தாவது கையெழுத்துப் போடும் முன் வாயைத் திறந்து கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதம்தான். சாவி அதற்குள் வராது போலிருக்கிறது. ஆன்ட்டியின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புவதால் நீட்டிப்பதும் சந்தேகம். எனவே வேறு வீடு பார்க்கத் தொடங்கியிருக்கிறோம், இந்தமுறை முதல் செய்தியிலேயே பெரியவர் இருவர், பிள்ளை ஒன்று, உரிமம் உள்ள பூனை ஒன்று என்று போட்டுவிடுகிறேன். போன வாரம் மூன்று முகவர்களுக்கு அனுப்பினேன். இருவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர், “பூனையின் படம் இருக்கிறதா? வீட்டுக்காரர் கேட்கிறார்” என்று அனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி