கரையோரத் திருவிழாக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

எஸ்.பி.பட்டினம் முதல் நரிப்பையூர் வரை, இராமநாதபுரம் கடற்கரையில் அம்மன் கோயில் விழாக்களையும் ஆலயத் திருவிழாக்களையும் எடுத்து நடத்தும் கமிட்டியார் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவே இம்மடல். மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பெயரை அச்சிட்டு, அரை மணி நேரத்தை முழுமையாக ஒதுக்கித் தாருங்கள்.

இப்போது அவர்களுக்குக் கிடைப்பது எஞ்சிய நேரம். சிறப்பு விருந்தினரின் கார் வந்து சேரும் வரையிலோ, ஆடல் பாடல் குழுவினர் உடை மாற்றி வரும் வரையிலோ மைக்கைக் கையில் கொடுக்கிறோம். பேச்சு சூடுபிடித்துச் சனம் சிரிக்கத் தொடங்கும் வேளையில் "போதும் தம்பி" என்று வாங்கிக்கொண்டு நன்கொடையாளர் பட்டியலை வாசிக்கிறோம். பாதியில் நிறுத்திய பாட்டைக்கூட ஓரளவு ரசிக்கலாம். பாதியில் நிறுத்திய நகைச்சுவையில் ரசிப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

ஜப்பானியக் கலைஞர் தகேஷி கிதானோவின் வாழ்க்கையை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். போகோ தொலைக்காட்சியில் ஆட்கள் சேற்றில் விழுந்து எழும் 'தகேஷீஸ் கேஸில்' நிகழ்ச்சியைப் பார்த்துச் சிரித்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அந்தத் தகேஷி இவர்தான் என்பது தெரிந்திருக்காது. 1947-இல் பிறந்து, பொறியியல் படிப்பைப் பாதியில் விட்ட இவர், தோக்கியோவின் அசகுசா பகுதியில் ஆடை களையும் நடனங்கள் நடக்கும் ஓர் அரங்கில் லிஃப்ட் இயக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நடனங்களுக்கு இடையில்தான் நகைச்சுவைத் துணுக்குகள் நடக்கும். நடனம் பார்க்க வந்தவர்களைச் சிரிக்கவைக்க வேண்டிய அந்த மேடையில், மூத்த கலைஞர் ஒருவரிடம் தொழிலைக் கற்றார். பிறகு நண்பர் ஒருவரோடு, இருவர் நின்று வேகமாகப் பேசும் 'மன்சாய்' என்னும் மேடை நகைச்சுவையில் இறங்கி, 1980-ஐ ஒட்டி நாடறிந்தவரானார்.

அதற்குப் பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1983-இல் நாகிசா ஓஷிமா இயக்கிய போர்க்கைதிகள் பற்றிய படத்தில் கடுமையான சார்ஜென்ட் வேடம் ஏற்றார். திரையில் அவர் முகம் தெரிந்ததுமே அரங்கம் சிரித்துவிட்டதாக அவரே கூறியிருக்கிறார். 1989-இல் ஒரு போலீஸ் படத்தில் நடிக்க ஒப்பந்தமானபோது, அதை இயக்கவிருந்த கின்ஜி ஃபுகசாகு விலகவே, இயக்கும் பொறுப்பும் இவரிடம் வந்தது. 1994-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் முகமே சிதைந்து, மீண்டு எழுந்து, 1997-இல் 'ஹனா-பி' படத்துக்காக வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றார். நடிகராகப் பெயர் போடும்போது மேடைப் பெயரான 'பீட் தகேஷி' என்றும், இயக்குநராகத் தகேஷி கிதானோ என்றும் போட்டுக்கொள்கிறார்.

அவருடைய படங்களில் மனிதர்கள் நெடுநேரம் அசையாமல் நிற்பார்கள்; நாம் எதிர்பாராத ஒரு நொடியில் வன்முறை வெடித்து, அடுத்த நொடியே அடங்கிவிடும். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கு மேடையில் கூட்டத்தின் முன்னால் நின்று படித்தது என்பதே என் எண்ணம். கூட்டம் சிரிக்காத இரவுகளும் அந்தப் படிப்பில் அடங்கும். அந்த இரவுகளையும் சேர்த்துத்தான் நம் பிள்ளைகளுக்குக் கேட்கிறேன்.

இது நமக்குப் புதிதன்று. விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தில் முதலில் மேடையேறித் தனியாகப் பேசிக் கூட்டத்தை வசப்படுத்துகிறவர் பபூன்தானே? நாடக மேடையிலிருந்து திரைக்குப் போன கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், 1951-இல் 'மணமகள்' படத்தை இயக்கவும் செய்தார். தொலைக்காட்சிப் போட்டியில் பலகுரலில் பேசித் தொடங்கிய சிவகார்த்திகேயன், பின்னர் கதாநாயகனாகவும் தயாரிப்பாளராகவும் உயர்ந்ததைப் பார்த்து, நம் பிள்ளைகளும் சென்னைக்கு வண்டி ஏறத் துடிக்கிறார்கள். போகட்டும். ஆனால் நடிகர்களின் குரலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகாமல், கடலுக்குப் போக டோக்கனுக்கு நிற்பதையும் மீன் ஏலக் கூடத்தில் விலை விழுவதையும் சொல்லிச் சிரிக்கவைக்கும் சொந்தப் பேச்சோடு போகட்டும். அந்தப் பேச்சின் உண்மையும் பொய்யும் தெரிந்த கூட்டம் நம் ஊர்த் திடலில்தான் இருக்கிறது.

இரட்டை அர்த்தம் பேசுவார்கள், சாதி மதச் சண்டை வரும் என்று நீங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. கிதானோவும் முதியோரையும் எளியோரையும் கேலி செய்ததற்காகக் கண்டனம் பெற்றவர்தான். அந்தப் பகுதியைப் பின்பற்ற வேண்டியதில்லை. பெண்களும் குழந்தைகளும் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் கமிட்டியையும் தலைவரையும் கேலி செய்யக் கூடாது என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள். (மீன் வியாபாரிகள் கோபித்துக்கொண்டால் நன்கொடை குறையும் என்பீர்கள், அவர்கள்தாம் முதலில் சிரிப்பார்கள்.)

இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டியிருப்பதால், எட்டு மணிக்கே அவர்களை மேடையேற்றுங்கள். கூலியை முன்னதாகப் பேசி முடித்துக் கையில் கொடுங்கள். மேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது கூலியாகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், கடலுக்குப் போகிறவர்களும் ஊரில் இருப்பார்கள். எனவே அந்த நாட்களில் விழா வரும் ஊர்கள் இதை முதலில் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திடலில் தரையில் அமர்ந்து பார்க்கும் ரசிகன் ஒருவன்