கட்டுரை நான்கு வசனங்களுக்கு முன்பே நின்றுவிட்டது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். சென்ற இதழில் யூதாவின் ராஜாக்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மனாசே 55 வருஷம் ஆண்டு தேசத்தைக் கெடுத்ததையும், கடைசி ராஜா சிதேக்கியாவின் கண்களைக் குருடாக்கி பாபிலோனுக்குக் கொண்டுபோனதையும் உள்ளபடியே எழுதியிருந்தீர்கள். ஆனால் உன் வம்சம் என்றைக்கும் நிலைக்கும் என்று கர்த்தர் தாவீதோடு செய்த உடன்படிக்கை அந்த ராஜாக்களால் முறிந்துபோயிற்று என்று முடித்தது என் மனதுக்கு ஒப்பவில்லை.

முதலில் 2 சாமுவேல் 7-ஐ மறுபடி பாருங்கள். தாவீதின் பிள்ளைகள் தப்பு செய்யமாட்டார்கள் என்று அங்கே இல்லவே இல்லை. தப்பு செய்தால் மிலாற்றால் அடிப்பேன், ஆனாலும் என் கிருபையை விலக்கமாட்டேன் என்றுதான் கர்த்தர் சொல்கிறார். ஆக, அடி விழுந்ததும் அந்த வாக்கின்படி நடந்ததுதான்.

அப்புறம் யூதாவின் ராஜா யோராம். பட்டத்துக்கு வந்ததும் கூடப்பிறந்த தம்பிமாரையே வெட்டிப்போட்டவன். இஸ்ரவேலின் பொல்லாத ராஜா ஆகாபின் மகளைக் கட்டியவன். தாவீதுக்கு ஒரு விளக்கை, அதாவது அணையாத வம்சத்தை, வைப்பதாகச் சொன்னதால் கர்த்தர் யூதாவை அழிக்கவில்லை என்ற வசனம் இவன் கதையில்தான் வருகிறது. நல்ல ராஜாவான யோசியாவின் கதையில் இல்லை. இவன் கட்டிக்கொண்டுவந்த அந்த அத்தாலியாள்தான் பிறகு ராஜவம்சம் முழுவதையும் கொல்லக் கிளம்பினாள். யோராமின் மகள் யோசேபாள், அந்த வம்சத்தில் யோவாஸ் என்ற ஒரு கைக்குழந்தையைத் தாதியோடு படுக்கை அறைக்குள் ஒளித்தாள். அதன்பின் ஆறு வருஷம் ஆலயத்துக்குள் மறைத்து வளர்த்தார்கள். அந்த ஆறு வருஷமும் தாவீதுக்குச் சொன்ன வாக்கு முழுவதும் ஒரு சின்னப் பையன் உயிரில் இருந்தது. ராத்திரியில் அவன் அழுதபோதெல்லாம் அந்தத் தாதி என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது. அந்த யோவாஸும் வளர்ந்து, தன்னைக் காப்பாற்றிய ஆசாரியன் யோய்தாவின் மகனையே கல்லெறிந்து கொல்லச் சொன்னான். ஓய்வுநாள் பள்ளியில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, "அப்புறம் எதுக்கு டீச்சர் கடவுள் அவனக் காப்பாத்துனாரு?" என்று கேட்டாள். அவன் நல்லவன் என்பதற்காக இல்லை, தாவீதுக்குக் கொடுத்த வார்த்தைக்காக என்றேன்.

உங்கள் கட்டுரை சிதேக்கியாவோடு நின்றுவிட்டது. 2 ராஜாக்கள் அப்படி முடியவில்லை. கடைசி நான்கு வசனங்களில், சிதேக்கியாவுக்கு முன்பு ராஜாவாயிருந்த யோயாக்கீன் வருகிறான். 18 வயதில் பட்டத்துக்கு வந்து, மூன்றே மாதத்தில், கி.மு. 597-இல் சிறைப்பட்டுப் போனவன். முத்திரை மோதிரமாயிருந்தாலும் கழற்றி எறிவேன், இவனைச் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள் என்று எரேமியா மூலம் கர்த்தர் சொன்னது இவனைத்தான். சிறைப்பட்ட 37-ஆம் வருஷத்தில் பாபிலோன் ராஜா ஏவில்மெரொதாக் அவனைச் சிறையிலிருந்து எடுத்து, சிறை உடையை மாற்றி, தன் பந்தியில் உட்காரவைக்கிறான்.

பாபிலோனில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளிலும் இவன் பெயர் இருக்கிறது. 1939-இல் அவற்றைப் படித்து வெளியிட்டார்கள். யூதாவின் ராஜாவுக்கு இவ்வளவு எண்ணெய், அவனுடைய ஐந்து மகன்களுக்கு ஆளுக்கு அரைப்படி போல அளந்து கொடுத்த கணக்கு. நம் ரேஷன் கடைப் பதிவேடு மாதிரிதான். சந்தானமற்றவன் என்று எழுதப்பட்டவனின் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோனவர்களே எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள்! இவன் வம்சத்தில் பிறகு யாரும் எருசலேமில் ராஜாவாக உட்காரவில்லை என்பதும் உண்மைதான். பேரன் செருபாபேல் வெறும் அதிபதிதான். ஆனால் அவனைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று கர்த்தர் உரைத்ததை ஆகாய் தீர்க்கதரிசி சொல்கிறார். கழற்றி எறிந்த அதே மோதிரம். மத்தேயு முதலாம் அதிகாரத்தில் எகொனியா (இந்த யோயாக்கீன்தான்), சலாத்தியேல், சொரொபாபேல் (அதே செருபாபேல்) என்று அந்த வரிசை மரியாளின் புருஷனான யோசேப்பு வரை போகிறது.

அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி, விட்டுப்போன அந்த நான்கு வசனங்களையும் பற்றி எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சபையில் பெரிய பிள்ளைகளும் இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை