பாண்ட்ஸைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நம் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் பழைய நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ் பேச்சு வந்ததும், "அந்த ஏமாத்துக்காரரை இன்னுமா தாங்கறீங்கப்பா?" என்று கேட்டுவிட்டாய். போனில் உன்னோடு வாதாடி ஜெயிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் ஊக்கமருந்து எடுத்தார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆட்டக்காரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த, இங்கே பர்லிங்கேமில் இருந்த பால்கோ ஆய்வகத்தில் 2003-இல் அரசு அதிகாரிகள் திடீர்ச் சோதனை போட்டார்கள். அதிலிருந்து வெளிவந்ததையும், பாண்ட்ஸின் பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சன் சாட்சி சொல்ல மறுத்துச் சிறையில் கிடந்ததையும் சேர்த்துப் பார்த்தால், வேறு முடிவுக்கு எப்படி வருவது? வழக்குத் தொடரலாமா என்று விசாரிக்கும் கிராண்ட் ஜூரியிடம் பாண்ட்ஸ், பயிற்சியாளர் கொடுத்தது ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலிக் களிம்பு என்றும் நினைத்ததாகச் சொன்னார். அது பேப்பரில் வந்த அன்று உன் அம்மா, "நம்ம வீட்லயும்தான் ஆளிவிதை இருக்கு, நீங்க ஒரு பந்தை அடிங்க பார்ப்போம்" என்றாள்.

ஆக, அவர் நிரபராதி என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் அவருக்குத் தீர்ப்பு சொன்ன விதம்தான் எனக்கு உறுத்துகிறது.

2001-ஐ எடுத்துக்கொள். அதுவரை ஒரு சீசனில்கூட ஐம்பது ஹோம் ரன்னை (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தைச் சுவருக்கு வெளியே அடிப்பது) தொடாதவர், 37 வயதில் 73 அடித்தார். இங்கே வருவதற்கு முன் பிட்ஸ்பர்க்கில் ஆடிய காலத்துப் படங்களில் ஒல்லியாக இருப்பார். நம் கண்ணெதிரே தோளும் கழுத்தும் பருத்தன. யாராவது வாயைத் திறந்தார்களா? மைதானம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கச் சுவருக்கு வெளியே, தண்ணீரில் விழும் பந்தைப் பிடிக்கச் சின்னப் படகுகளில் ஜனம் காத்துக்கிடந்தது. பந்து எறியும் பிட்சர்களுக்கு அவருக்குப் பந்து போடவே பயம். 2004-இல் மட்டும் வேண்டுமென்றே 120 முறை, அடிக்க வாய்ப்பே தராமல், அவரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பும்போதெல்லாம் எதிரணிக்காரர்கள் கோழைகள் என்று காட்ட நம் ரசிகர்கள் ரப்பர் கோழி தொங்கவிடுவார்களே, நீயும் ஒன்று வாங்கிக்கொண்டு பார்ட் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். அதன் கழுத்தை அழுத்தி அழுத்திக் கீச்சென்று சத்தம் வரவைத்ததில், எதிர் சீட்டுக்காரர் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார்.

1998-இல் இன்னொரு ஹோம் ரன் நட்சத்திரமான மார்க் மெக்வயரின் லாக்கரில் ஆண்ட்ரோ என்ற தசை வளர்க்கும் மருந்துப் பாட்டிலைப் பார்த்து ஒரு நிருபர் எழுதினார். அப்போது திட்டு வாங்கியது மெக்வயர் இல்லை, அந்த நிருபர். 1994-இல் ஆட்டக்காரர்கள் செய்த வேலைநிறுத்தத்தில் வெறுத்துப்போன ரசிகர்களை ஹோம் ரன்கள்தான் திரும்ப இழுத்து வந்துகொண்டிருந்தன. அணி முதலாளிகள் ஏன் கேள்வி கேட்கப் போகிறார்கள்? முதல் முறை மாட்டினாலே ஆட்டத்திலிருந்து நிறுத்திவைப்பது என்ற விதியே 2005-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பந்தியில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது சமையல்காரரைத் திட்டுகிற கதைதான்.

அப்புறம் காற்று மாறியது. 2006-இல் சான் டியாகோவில் அவரை நோக்கி ஊசியில்லாத சிரிஞ்சை எறிந்தார்கள். அவரே குனிந்து எடுத்து ஓரமாகப் போட்டார். அதே ஆளுக்கு நம் ஊர் மைதானத்தில் எழுந்து நின்று கைதட்டல். 2007 ஆகஸ்ட் 7 அன்று தன் வாழ்நாளின் 756-ஆவது ஹோம் ரன்னை அடித்து ஹேங்க் ஆரனின் பழைய சாதனையைத் தாண்டினார். ஆரன் திரையில் வாழ்த்துச் சொன்னார், பேஸ்பாலின் தலைமை அதிகாரியான கமிஷனர் பட் செலிக் அன்று வரவே இல்லை. கருத்துக்கணிப்பில் கறுப்பின ரசிகர்களில் பெரும்பாலோர் பாண்ட்ஸ் அந்தச் சாதனையை முறியடிக்க வேண்டும் என்றார்கள், வெள்ளையரில் பெரும்பாலோர் கூடாது என்றார்கள். மருந்து மட்டும்தான் விஷயம் என்றால் இந்தப் பிளவு எதற்கு? அந்தப் பந்தை மார்க் எக்கோ என்ற ஃபேஷன் டிசைனர் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, இணையத்தில் ஓட்டெடுப்பு நடத்தி, சந்தேகத்துக்குரிய சாதனை என்று காட்டும் நட்சத்திரக் குறி பொறித்துக் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். அந்த ஆண்டு 28 ஹோம் ரன் அடித்திருந்தும், அடுத்த ஆண்டு அவரை எந்த அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்த கிராண்ட் ஜூரி சாட்சியம் பற்றிய வழக்கையும்தான் பார்த்தோம். நீதிக்கு இடையூறு செய்தார் என்று 2011-இல் தண்டனை, 2015-இல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்து. எனக்குத் தெரிந்து அதைக் கேட்டு மனம் மாறியவர் ஒருவரும் இல்லை.

பேஸ்பால் மேதைகளுக்கான கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்கு நிருபர்களின் ஓட்டில் 75 சதவீதம் வேண்டும். 2013-இல் அவருக்குக் கிடைத்தது 36.2. நிருபர் ஓட்டில் கடைசி வாய்ப்பான 2022-இல் 66. இடையில் அவரைப் பற்றிப் பெரிதாகப் புதிய ஆதாரம் எதுவும் வந்துவிடவில்லை. ஓட்டுப்போடும் நிருபர்களில் பழைய ஆட்கள் குறைந்து இளையவர்கள் வந்தார்கள், அதுதான் பெரிய வித்தியாசம். பழைய ஆட்களுக்கு அவர் மேல் வேறு கோபமும் இருந்தது. லாக்கர் ரூமில் தனக்கென்று சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டு, கேள்வி கேட்க வந்தவர்களை எரிந்து விழுந்து விரட்டியவர் அவர். அந்தத் திமிர் எனக்கும் பிடிக்காது. ஆனால் திமிருக்கும் மருந்துக்கும் ஒரே கணக்கில் மார்க் போடலாமா?

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். பாண்ட்ஸ் வெளியேறிய அதே 2022-இல் பாஸ்டன் அணியின் டேவிட் ஆர்டிஸ் முதல் வாய்ப்பிலேயே ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். 2003-இல் பெயர் வெளியிடாமல் நடத்திய ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததாக 2009-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. தெரிந்து ஸ்டீராய்டு எடுத்ததில்லை என்று அவர் மறுத்தார். அந்தச் சோதனை முடிவுகளில் சில சந்தேகத்துக்குரியவை என்று பின்னால் கமிஷனர் ராப் மேன்ஃப்ரெடும் சொன்னார். இருக்கலாம், ஆர்டிஸை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் சந்தேகத்தின் பலன் அவருக்குக் கிடைத்தது. சிரித்த முகம், எல்லோரையும் கட்டிப்பிடிக்கிற மனிதர், பாஸ்டனுக்கு மூன்று கோப்பை.

உன் ஆபீஸ் நண்பர்கள் பாண்ட்ஸை ஏமாற்றுக்காரர் என்கிறார்கள் என்றாயே. அவர்களிடம் ஆர்டிஸைப் பற்றியும் ஒருமுறை கேட்டுப் பார். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. போனில் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா