முருகேசனுக்கு, அந்த எட்டு மணி நேரம் பற்றி

டேய் முருகேசா,

தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்கே இன்னும் பதில் போடவில்லை, திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பாஸ்கர் இன்னும் அதே பைக்தான், கேட்காதே.

விஷயம் இதுதான். ‘தண்ணீரில் முக்கிய பிறகு எட்டு மணி நேரம் எதுக்குடா அடுப்பில் கிடக்கணும்’ என்று கரண்ட் பில்லைக் காட்டிப் புலம்பினாயே, பதில் கிடைத்துவிட்டது. நீ கொடுத்த 6061 துண்டுகளில் (மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்த அலுமினியம்) அயனிக் கற்றையால் ஒரு மைக்ரான் தடிமனில் தூண்கள் செதுக்கி, மேலிருந்து அழுத்திப் பார்த்தோம். 530 டிகிரியில் காய்ச்சி, தண்ணீரில் முக்கியதோடு விட்ட துண்டு அசையாமல் இருக்கிறது, இருக்கிறது, திடீரென்று படக்கென்று சரிகிறது. வரைபடம் முழுக்கப் படிக்கட்டு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றிரண்டு சாய்ந்த பட்டைகள் மட்டும் பக்கவாட்டில் பிதுங்கி நிற்கின்றன.

175 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்ததோ, மகராசன், நிதானமாக அமுங்குகிறது! மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஊசி ஊசியாக எங்கும் முளைத்துவிடுவதால், டிஸ்லொகேஷன் (படிக அடுக்கில் உள்ள குறை, அது நகர்ந்தால்தான் உலோகம் அமுங்கும்) அடியெடுத்து வைத்தாலே முட்டிக்கொள்கிறது, மொத்தமாகப் பாய வழியில்லை. சுத்த அலுமினியத்தில் தூண் மெலிய மெலிய பலம் ஏறும். இதில் அவ்வளவாக ஏறவில்லை, ஏனென்றால் இங்கே பேசுவது ஊசிகளுக்கு இடையே உள்ள தூரம், தூணின் அளவு இல்லை.

1906-இல் பெர்லின் பக்கத்தில் வில்ம் என்ற ஜெர்மன் உலோகவியலாளர் காய்ச்சித் தண்ணீரில் முக்கி வைத்த அலுமினியக் கலவை சில நாளில் தானாகவே இறுகியது. ஏன் என்று விளங்க, 1938-இல் கினியே, பிரெஸ்டன் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியாக எக்ஸ்ரே பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. உனக்கு மட்டும் மறுநாளே பதில் வேண்டும்!

சரி, விளையாட்டு போதும். ஒரு துண்டு என்னை உறுத்துகிறது. அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போக நேரமான துண்டு என்று நினைக்கிறேன். உலோகத்துக்குள் இருக்கும் படிக மணிகளின் எல்லையில் வீழ்படிவு (கலவையிலிருந்து பிரிந்து படிந்தது) தடித்துப்போய், அதை ஒட்டி இருபுறமும் ஊசியே இல்லாத மெல்லிய பட்டை. பளு ஏறினால் மணியின் உட்புறம் விறைப்பாக நிற்க, அமுங்கல் முழுவதும் அந்தப் பட்டையில் குவியும், விரிசலும் அங்கேதான் பிறக்கும். கடினத்தன்மை மீட்டர் இதைச் சொல்லிக் கொடுக்காது, நீயும் சீல் குத்தி அனுப்பிவிடுவாய். இரவு ஷிப்டில் கூடையைத் தூக்குவது யார், செல்போனும் கையுமாகவா?

அடுத்த லாட்டில் பகல் துண்டு, இரவு துண்டு இரண்டிலும் மார்க்கரால் எழுதி, பாஸ்கரிடம் கொடுத்தனுப்பு. அதுவரை அந்த பிராக்கெட்டுகளை டெஸ்பாட்ச் பண்ணாதே.

செல்வம்