கீழ் பெர்த் எடு, கயல்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தக் குளிர்கால லீவுக்கு ஊருக்கு வரவில்லை, செட்டாகச் சேர்ந்து சீனாவைச் சுற்றப் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு மனசு சரியில்லை. நான் பேசி வைத்திருக்கிறேன். படிப்பு முடிந்து வந்துவிட்டால் அந்த நாட்டை நிதானமாகப் பார்க்க உனக்கு எப்போது நேரம் கிடைக்கும்? போய் வா.

நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். நீ டாக்டருக்குப் படிக்கிற வூகானிலிருந்து பெய்ஜிங், ஹார்பின், அங்கிருந்து திரும்ப பெய்ஜிங் வழியாக சியான். எல்லாமே அதிவேக ரயில். 2026 பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு என்பதால், கூட்டம் ஏறுவதற்குள் விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இந்த ஒரு இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நான் ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்தவன். பொங்கலுக்கு முந்தின ராத்திரி எழும்பூரில் அன்ரிசர்வ்டு பெட்டி எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். சீனாவில் அது 40 நாள் நடக்கிறது. புத்தாண்டுக்கு 15 நாள் முன்பு தொடங்கி, முடிந்து 25 நாள் வரைக்கும் ஒரு நாடே ஊருக்குப் போய்த் திரும்புகிறது. போன வருஷம் நீ ஸ்டேஷனில் எடுத்து அனுப்பிய வீடியோவை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கட்டட வேலைக்காரர் ஒருவர் காலி பெயிண்ட் வாளிக்குள் துணிமணியை அடைத்து, மூடியைப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் கோடு போட்ட பெரிய பை. வருஷம் முழுக்க ஏதோ ஒரு நகரத்தில் உழைத்துவிட்டு, தாத்தா பாட்டியிடம் விட்டிருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர். பெருஞ்சுவரை எந்த மாதத்திலும் பார்க்கலாம். இவர்களை இந்த நாட்களில்தான் பார்க்க முடியும்.

அதனால் பெய்ஜிங்கிலிருந்து சியானுக்கு மட்டும் பழைய ராத்திரி வண்டியில் போங்கள். ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். அங்கே ஹார்ட் ஸ்லீப்பரில் ஒரு தடுப்புக்கு ஆறு படுக்கை, கதவு கிடையாது; நம் ஸ்லீப்பரில் சைடு பெர்த்தை எடுத்துவிட்ட மாதிரிதான். பெட்டிக் கோடியில் வெந்நீர் இருக்கும், கப் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். உன் கூட்டாளிகள் மேல் பெர்த்தில் போய்த் தூங்கட்டும், நீ கீழ் பெர்த் எடு. விளக்கு அணைக்கும்வரை எல்லோரும் கீழேதான் உட்காருவார்கள், பேச்சும் அங்கேதான் நடக்கும். நோயாளிகளிடம் பேச வேண்டும் என்றுதானே இவ்வளவு பாடுபட்டு சீன மொழி படிக்கிறாய். வார்டுக்குள் வந்துவிட்டால் அவர்கள் டாக்டரிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள். ரயிலில் நீ பக்கத்து வீட்டுப் பெண்.

சியானில் சீனாவின் முதல் பேரரசர் கல்லறைக்காகச் செய்து புதைத்த களிமண் வீரர் சிலைகளைப் பார்க்காமல் வரமாட்டீர்கள். 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ணில் பட்டது அது. ஆனால் அரை நாள் மிச்சம் பிடித்து பெரிய காட்டு வாத்துக் கோபுரத்துக்கும் போ. யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளைப் பத்திரமாக வைக்க 652இல் கட்டியது. அவர் நம் காஞ்சிபுரத்துக்கும் வந்தவர்தானே, பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாய். பதினாறு, பதினேழு வருஷம் சுற்றிவிட்டு 645இல் அந்த ஊருக்குத் திரும்பினார். காஞ்சிப் பெண் ஒருத்தி அங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

லீவில் நாள் மிச்சம் இருந்தால் தெற்கே சுவான்சோ. இல்லாவிட்டால் அடுத்த லீவுக்கு வைத்துக்கொள். அங்கே கிடைத்த ஒரு கல்லில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1281, சித்திரை மாதம். சம்பந்தப் பெருமாள் என்பவர், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் உடல் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்று வெட்டியிருக்கிறார்கள், கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. அந்த ஊர் கையுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு தூண்களில் நம்ம ஊர்ச் சாமிகளைச் செதுக்கியிருக்கிறது. ஊருக்கு வருகிற வணிகர்கள் அவரவர் சாமியை வைத்துக் கும்பிட இடம் கொடுத்த துறைமுகம் அது. நீயும் அப்படி இடம் கொடுக்கப்பட்டு அங்கே படிக்கிறவள்தான்.

ஹார்பின் பற்றித்தான் எனக்குக் கவலை. சுங்காரி ஆற்றில் பனிக்கட்டியை அறுத்தெடுத்து மாளிகை கட்டுகிறார்கள் என்றால் குளிர் எப்படி இருக்கும்! மைனஸ் இருபதுக்குக் கீழே போகும். ஒரே தடி கோட்டை நம்பாதே, உள்ளுக்குள் இரண்டு மூன்று அடுக்கு போடு. போனை உள்பையில் வை, வெளியே எடுத்தால் பாட்டரி படுத்துவிடும். அங்கே பணம், டிக்கெட், வழி எல்லாமே போனில்தானே, கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள். வூகான் அறையில் ஹீட்டர் குழாய் இல்லாமல் நடுங்குகிறேன் என்றாயே, வடக்கே கட்டடத்துக்குள் வெப்பம் இருக்கும். உள்ளே நுழைந்ததும் கோட்டைக் கழற்று, வியர்த்துவிட்டு வெளியே வந்தால்தான் ஆபத்து.

அப்புறம், பாஸ்போர்ட்டை யாரிடமும் மொத்தமாகக் கொடுத்து வைக்க வேண்டாம், அவரவர் கையில் இருக்கட்டும். ஓட்டல் எடுக்கும்போது வெளிநாட்டவரைச் சேர்ப்பார்களா என்று முன்பே கேட்டுவிடு. சீனத் தோழி வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும், நினைவிருக்கட்டும். புத்தாண்டை ஒட்டிச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்களாம், விடுதிக்குத் திரும்பும் முன் அரிசி, பருப்பு வாங்கி வைத்துவிடு.

டிக்கெட் 15 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது என்றாய். பிப்ரவரி 5 ராத்திரி வண்டி என்றால் ஜனவரி 20 வாக்கிலிருந்தே பார்த்துக்கொண்டிரு, கீழ் பெர்த்துகள்தான் முதலில் தீரும். செலவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். வண்டி எண்ணும் பெட்டி எண்ணும் கிடைத்த உடனே எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அப்பா