நோகாத பல்லுக்கு என்ன விலை?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன மாதம் தரம் 3 வகுப்புக்குள் நுழைந்தபோது கராம்பு மணம் வந்தது. யன்னலோரத்தில் ஒரு பிள்ளை கன்னத்தைப் பொத்தியபடி இருந்தான். வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் மிளகளவு கறுத்த குழி, அதற்குள் ஒரு கராம்புத் துண்டு. இரவு முழுக்க நித்திரை இல்லையாம்.

அரசாங்க வைத்தியசாலையில் பல்லைப் பிடுங்கக் காசு வாங்கவில்லை. ஆனாலும் தாயாருக்கு ஒரு நாள் கூலி போயிற்று, ஓட்டோக் காசு போயிற்று. பிள்ளைக்கு இரண்டு நாள் பாடம் போயிற்று.

இப்படியான நோய் வராமல் தடுப்பதை மக்கள் எவ்வளவு பெறுமதியாக நினைக்கிறார்கள் என்று அறிய, பொருளியலாளர்கள் நேரடியாகவே கேட்பதுண்டு: "பல்லும் முரசும் (ஈறும்) பழுதாகாமல் இருக்க எவ்வளவு கொடுப்பீர்கள்?" கடையில் விலை ஒட்டாத ஒன்றுக்கு விலை காண இது ஒரு வழி. வசதியுள்ளவர் பொதுவாகக் கூடச் சொல்வார், அன்றாடம் உழைப்பவர் குறையச் சொல்வார். அதற்காக ஏழைத் தாய்க்குத் தன் பிள்ளையின் பல் மலிவு என்று யாரும் கணக்குப் போடக்கூடாது.

அதே கேள்வியைச் சென்ற பெற்றோர் கூட்டத்தில் நானும் கேட்டேன். "நோகாத பல்லுக்கு என்னத்துக்கு சேர் காசு?" என்றார் ஒரு தகப்பனார். பின்வரிசையில் இருந்த அந்தத் தாயார் எழுந்தார். "அண்டைக்கு இரவு கேட்டிருந்தால் காதிலை கிடந்த தோட்டைக் கழட்டித் தந்திருப்பன்" என்றார்.

அவர் பிள்ளை இழந்தது பாற்பல் அல்ல. பலருக்கு இது தெரிவதில்லை. ஆறு வயதளவில், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பாற்பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கும்தானே" என்று விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான். அதன் மேற்பரப்பில் ஆழமான வெடிப்புகள் உண்டு. இனிப்பு அங்கே தங்கினால் கிருமிகள் அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். சூத்தை விழ முன்னரே பல் வைத்தியர் அந்த வெடிப்புகளை மூடிவிடலாம்.

முரசும் அப்படித்தான். பல் தீட்டும்போது இரத்தம் கசிந்தால் பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் நன்றாகத் தீட்டினால் தொடக்க வீக்கம் பெரும்பாலும் ஆறிவிடும். கவனிக்காமல் விட்டு, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்தால் அது தானாகத் திரும்பி வளராது.

சரி, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். படுக்கப் போகுமுன் புளோரைட் பற்பசையால் பல் தீட்ட வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களே தீட்டிவிடுங்கள், அதன் பிறகு இனிப்புத் தேநீர் வேண்டாம். இத்துடன் வரும் பற்பரிசோதனைச் சம்மதப் படிவத்தில் ஒப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. வேலையால் வர முடியாதவர்களின் பிள்ளைகளோடு நானே இருப்பேன்.

அன்புடன்,
அதிபர்